‘டீச்’ பண்ணினால் எதிராளி கற்றிருக்க வேண்டுமா?

கேள்வி — ஜனவரி 6, மாலை

போட்டித் தேர்வுக்கு ஆங்கிலம் படிக்கிறேன். ‘ஐ டாட் ஹிம் ஸ்விம்மிங், பட் ஹி டிட் நாட் லேர்ன்’ (அவனுக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தேன், ஆனால் அவன் கற்கவில்லை; ‘டாட்’ என்பது ‘டீச்’சின் இறந்தகாலம்) என்று எழுதியிருந்தேன். பயிற்சி வகுப்பில் சிவப்பு மையால் அடித்துவிட்டார்கள். ‘டீச்’ என்றால் எதிராளி கற்றிருக்க வேண்டுமாம், கற்கவில்லை என்றால் ‘ட்ரைட் டு டீச்’ என்றுதான் எழுத வேண்டுமாம். தமிழில் ‘எவ்வளவோ சொல்லிக்கொடுத்தேன், அவன் கத்துக்கவே இல்லை’ என்று சாதாரணமாகச் சொல்கிறோமே. ஆங்கிலத்தில் உண்மையிலேயே இப்படி ஒரு விதி இருக்கிறதா?

ஜனவரி 6, இரவு

விதியெல்லாம் கிடையாது. உன் வாக்கியம் சரி. இங்கிலாந்தில் எந்தப் பள்ளி ஆசிரியர் அறையிலும் ‘ஐ டாட் தெம் ஆல் இயர் அண்ட் தே லேர்ன்ட் நத்திங்’ என்று ஒருவர் புலம்பினால், பக்கத்திலிருப்பவர் தலையாட்டுவாரே தவிர இலக்கணத்தைத் திருத்த மாட்டார்.

ஆனால் உன் வாத்தியார் ஒன்றுமில்லாததிலிருந்து அதைப் பிடித்துவரவில்லை. வால் ஒன்று இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு யானை என்கிறார். நாளைக்கு எழுதுகிறேன்.

ஜனவரி 7, காலை

வால் இதுதான். இரண்டு வாக்கியம் எடுத்துக்கொள்.

‘ஐ டாட் ஹிம் ஸ்விம்மிங்.’
‘ஐ டாட் ஹிம் டு ஸ்விம்.’

இரண்டின் பின்னாலும் ‘ஆனால் அவனுக்கு இன்னும் நீச்சல் வராது’ என்று ஒட்டிப் பார். முதலாவதில் ஒட்டுகிறது, நீச்சல் என்ற பாடத்தை நடத்தினேன், அவ்வளவுதான். இரண்டாவதில் ஒட்டவில்லை. ‘டாட் ஹிம் டு ஸ்விம்’ என்று கேட்டவுடன் ஆங்கிலக்காரன் மனதில் பையன் தண்ணீரில் கையடித்துப் போய்க்கொண்டிருப்பான். பிறகு ‘வராது’ என்றால் ‘அப்புறம் என்னத்தைச் சொல்லிக்கொடுத்தாய்?’ என்று கேட்பான்.

ஆக, கற்றானா இல்லையா என்பதை ‘டீச்’ என்ற வினை தனியாகச் சொல்வதில்லை. பின்னால் வரும் அமைப்பு சொல்கிறது. உன் வாத்தியார் இரண்டாவது அமைப்பின் குணத்தை வினைச்சொல்லின் தலையில் கட்டிவிட்டார்.

‘வாஸ் டீச்சிங்’ என்று தொடர்நிலையில் போட்டால் அந்தக் கட்டாயமும் போய்விடும். ‘ஐ வாஸ் டீச்சிங் ஹிம் டு ஸ்விம் வென் தே மூவ்ட் டு கோவை’ என்று சொல்லலாம். பாதியில் நின்ற நீச்சல், யாருக்கும் உறுத்தாது.

ஜனவரி 7, இரவு

‘கற்கவில்லை என்றால் அது கற்பித்தலே இல்லை’ என்ற பேச்சு எங்கிருந்து வந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இலக்கணத்திலிருந்து அல்ல, கல்வித் தத்துவத்திலிருந்து என்று நினைக்கிறேன். அமெரிக்காவின் ஜான் டூயி 1910-ல் எழுதிய ஒரு நூலில் கற்பித்தலை விற்பனையோடு ஒப்பிடுகிறார்: வாங்க ஆளில்லாமல் யாரும் எதையும் விற்றுவிட முடியாது, அதுபோல யாரும் கற்காமல் கற்பித்தேன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. பி.எட். படித்தவர்கள் இதை ஏதாவது ஒரு வடிவில் கேட்டிருப்பார்கள். ஆசிரியரை உசுப்பிவிட நல்ல வாக்கியம்தான். ஆசிரியர் எப்படி இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது, ஆங்கிலம் பேசுகிறவர்கள் அந்தச் சொல்லை எப்படிப் புழங்குகிறார்கள் என்று சொல்லவில்லை. இரண்டையும் குழப்பினால் பையனுக்கு ஒரு மதிப்பெண் போகிறது.

மேலும், டூயி சொன்னபடி சம்பளம் போட ஆரம்பித்தால் மார்ச் மாதத்தில் எத்தனை பேருக்குக் கையில் காசு வரும் என்று நான் சொல்ல மாட்டேன். நானும் ட்யூஷன் எடுத்தவன்.

ஜனவரி 8

வேறொருவர் கேட்டிருக்கிறார்: ‘டாட் தெம் ஃப்ரெஞ்ச்’ என்பதற்கும் ‘டாட் ஃப்ரெஞ்ச் டு தெம்’ என்பதற்கும் வித்தியாசம் உண்டா?

மொழியியலில் 1970-களிலிருந்தே அடிபடும் சமாச்சாரம். ஆளை வினைக்குப் பக்கத்தில் உட்காரவைத்தால், அதாவது ‘டாட் தெம் ஃப்ரெஞ்ச்’ என்றால், பாடம் அவர்களிடம் போய்ச் சேர்ந்தது என்ற சாயல் வருகிறது. ‘டு தெம்’ என்று தள்ளி வைத்தால் அந்தப் பக்கம் வீசினேன், பிடித்தார்களோ இல்லையோ என்ற சாயல். படிக்கும்போது அழகாக இருக்கிறது. ஆனால் எல்லா ஆங்கிலக்காரர்களுக்கும் இது உறைப்பதில்லை. மறுத்து எழுதிய மொழியியலாளர்களும் உண்டு. என் காதுக்கு வித்தியாசம் மெல்லியதாகத்தான் படுகிறது. தேர்வில் இதை நம்பி விடை எழுத வேண்டாம்.

பாடத்தின் பெயர் நீளமாக இருந்தாலோ, ஆளை அழுத்திச் சொல்ல வேண்டியிருந்தாலோ ‘டு’ தானாகவே வந்துவிடும். அது ஓசைக் கணக்கு, பொருள் கணக்கு இல்லை.

ஜனவரி 8, பிற்பகல்

நேற்றையதோடு சேர்க்க வேண்டியது: எழுவாய் மனிதனாக இல்லாவிட்டால்?

‘எக்ஸ்பீரியன்ஸ் டாட் மீ டு கீப் கொயட்.’ வாயை மூடிக்கொள்ள அனுபவம் கற்றுக்கொடுத்தது. இதற்குப் பின்னால் ‘ஆனால் நான் கற்கவில்லை’ என்று போடவே முடியாது. காரணம் எளிது. ஆசிரியர் என்றால் கரும்பலகை, சாக்பீஸ், தொண்டைத்தண்ணி என்று தனியாக ஒரு வேலை நடக்கிறது, பலன் இல்லாவிட்டாலும் வேலை நடந்தது நடந்ததுதான். அனுபவத்துக்கு அப்படித் தனியாக வேலை ஏது? நாம் கற்றதை வைத்துத்தான் அது கற்பித்தது என்கிறோம். தமிழிலும் அதே கதை. ‘அனுபவம் கற்றுக்கொடுத்தது’ என்போம். ‘அனுபவம் எனக்குப் பாடம் நடத்தியது’ என்றால் சிரிப்பு வருகிறது, ஏதோ அட்டெண்டன்ஸ் எடுத்த மாதிரி.

ஜனவரி 10

7-ஆம் தேதி எழுதியது கொஞ்சம் முரட்டுத்தனமாக இருக்கிறது, ‘டு’ வந்தால் முடிவு வந்தே தீரும் என்பது போல. இதைப் பாருங்கள்:

‘மை மதர் டாட் மீ டு சிட் ஸ்ட்ரெய்ட், பட் ஐ நெவர் டூ.’ நேராக உட்காரச் சொல்லி அம்மா வளர்த்தார், நான் உட்காருவதே இல்லை.

உறுத்தவில்லை. ஏன்? நேராக உட்காரத் தெரியாதவன் யாரும் இல்லை. இது திறமை இல்லை, நடத்தை. ‘டீச் டு’ என்பதற்குள் இரண்டு ‘டு’ ஒளிந்திருக்கிறது. ஒன்று ‘செய்யத் தெரியவைத்தேன்’, மற்றது ‘செய்ய வேண்டும் என்று சொல்லி வளர்த்தேன்’. முன்னதில் முடிவு ஒட்டிக்கொண்டிருக்கும், பின்னதில் அது பிள்ளையின் விருப்பம்.

பிரித்துப் பார்க்க வழி: ‘ஹவ் டு’ போட்டுப் பார். ‘டாட் மீ ஹவ் டு ஸ்விம்’ நன்றாக இருக்கிறது, அது திறமை. ‘டாட் மீ ஹவ் டு ரெஸ்பெக்ட் எல்டர்ஸ்’ என்றால் பெரியவர்களை மதிக்க ஏதோ செய்முறைப் பயிற்சி வைத்த மாதிரி ஆகிவிடும். அங்கே வெறும் ‘டு’ போதும்.

நம் பிள்ளைகள் கட்டுரையில் எல்லா இடத்திலும் ‘ஹவ் டு’ போடுவார்கள். ‘எப்படி’ என்று தமிழில் தோன்றிவிட்டால் ‘ஹவ்’ போட்டே தீருவார்கள்.

ஜனவரி 11, காலை

கேட்ட தம்பி மறுபடி வந்து, ‘அப்படியானால் தமிழில் ஏன் இந்தக் குழப்பம் இல்லை?’ என்கிறார்.

தமிழில் கடையில் பல சரக்கு இருக்கிறது, அதனால். வேலையை மட்டும் சொல்ல ‘பாடம் நடத்தினார்’, ‘பாடம் எடுத்தார்’, ‘வகுப்பு எடுத்தார்’. இதில் யாருக்குப் புரிந்தது என்ற கேள்வியே எழாது. காலி வகுப்பறையில்கூடப் பாடம் நடத்தலாம், இணைய வகுப்புக் காலத்தில் எல்லோரும் கேமராவை அணைத்து வைத்தபோது அதைத்தான் செய்தோம். அடுத்தது ‘சொல்லிக்கொடுத்தேன்’. இதற்குப் பின்னால் ‘ஏறவே இல்லை’ என்று தாராளமாகப் போடலாம். ‘கற்றுக்கொடுத்தேன், ஆனால் கற்றுக்கொள்ளவில்லை’ என்றால் லேசாகத் தட்டுகிறது, சொல்லுக்குள்ளேயே ‘கற்று’ என்று முடிந்த வினை உட்கார்ந்திருப்பதால். ‘கற்பித்தல்’ அரசாணையிலும் பாடநூல் முன்னுரையிலும் வாழ்கிற சொல், வீட்டுக்குள் வருவதில்லை.

நாம் வேறு வேறு சொல்லால் பிரிப்பதை ஆங்கிலம் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு வாக்கிய அமைப்பால் பிரிக்கிறது. தம்பி கேட்டதற்கு இதுதான் என் பதில், மற்றதெல்லாம் அரட்டை.

ஜனவரி 11, இரவு

யாழ்ப்பாணத்து வாசகர் ஒருவர் ‘படிப்பிக்கிறது’ எங்கே போனது என்று கேட்கிறார். நியாயம். அங்கே ‘கணக்குப் படிப்பிக்கிற சேர்’ என்பதுதான் பேச்சு. தமிழ்நாட்டில் அதற்கு ‘கணக்கு சார்’ என்று வினையையே விழுங்கிவிடுகிறோம். ‘படிப்பி’ எனக்குப் பிடித்த சொல். படி என்பதன் பிறவினை, கற்பி போலவே கட்டப்பட்டது, ஆனால் வீட்டுக்குள்ளும் புழங்குகிறது.

தமிழ்நாட்டில் ‘படிக்கவைத்தார்’ என்றால் வேறு பொருள். ‘மாமாதான் என்னைப் படிக்கவைத்தார்’ என்றால் மாமாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாமல்கூட இருக்கலாம், கட்டணம் கட்டியவர் அவர். இதை ‘மேட் மீ ஸ்டடி’ என்று ஆங்கிலத்தில் எழுதினால் மாமா பிரம்போடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாதிரி தொனிக்கும். ‘புட் மீ த்ரூ காலேஜ்’ என்பதுதான் சரியான சொல்லாட்சி. ‘எஜுகேட்டட் மீ’ என்றாலும் பொருந்தும், அந்த வினைக்குப் படிக்கச் செலவழித்தல் என்ற பொருளும் உண்டு.

ஜனவரி 12

பாடம் எடுப்பது பற்றிச் சொன்னேன் அல்லவா, அதில் ஒரு பள்ளம் இருக்கிறது. ‘பாடம் எடுக்கிறேன்’ என்பதை ‘ஐ ஆம் டேக்கிங் எ கிளாஸ்’ என்று நம்மவர்கள் சொல்வது வழக்கம். இங்கே எல்லோருக்கும் புரியும். பிரிட்டிஷ் ஆங்கிலத்திலும் ‘மிஸ்டர் இன்னார் டேக்ஸ் அஸ் ஃபார் மேத்ஸ்’ என்றால் அவர் கணக்கு நடத்துகிறார் என்று பொருள். அமெரிக்காவில் ‘டேக்கிங் எ கிளாஸ்’ என்றால் மாணவராக உட்கார்ந்திருக்கிறீர்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு பேராசிரியை அமெரிக்காவில் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது பக்கத்து வீட்டம்மாவிடம் ‘முப்பது வருஷமாக வேதியியல் கிளாஸ் எடுக்கிறேன்’ என்று சொல்லியிருக்கிறார். அந்த அம்மா ரொம்ப அன்பாக, ‘விட்டுவிடாதீர்கள், ஒரு நாள் பாஸ் பண்ணிவிடுவீர்கள்’ என்றாராம்.

அமெரிக்காக்காரர்களிடம் இன்னொரு வினோதம், ‘ஷி டீச்சஸ் ஸ்கூல்’. பள்ளியில் என்று சொல்ல ‘இன்’ எதுவும் வேண்டாம், பள்ளியையே பாடம் போலச் சொல்வார்கள். நம் பிள்ளை இதை எழுதினால் தவறு என்று அடிப்பார்கள். நீ தேர்வில் எழுதாதே, படிக்கும்போது கண்டால் திகைக்காதே.

ஜனவரி 13

‘டீச் என்பது தீட்சை என்ற சொல்லிலிருந்து வந்தது’ என்று ஒருவர் கீழே அடித்துச் சொல்லியிருக்கிறார். ஒலி ஒத்துப்போனால் சொந்தம் என்றால் ‘டீ’யும் ‘தீ’யும் ஒன்றாகிவிடும், இரண்டும் சூடுதான். தீட்சைக்கு வேர் வேறு.

ஆனால் ஆசாமி தேடிய பக்கத்து வீட்டில் உண்மையான சொந்தம் ஒன்று இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் இந்த வினைக்கு முதற்பொருள் ‘காட்டு, சுட்டு’. இந்தோ-ஐரோப்பிய மூலத்தில் சுட்டிக்காட்டுதல் என்ற பொருளுடைய ஒரு வேர், அதன் ஜெர்மானியக் கிளையில் வந்தது ‘டீச்’. அதே வேரின் சமஸ்கிருதக் கிளையில் ‘திச்’. அதிலிருந்து திசை, ஆதேசம், உபதேசம். ஆகவே ‘டீச்’சுக்கும் உபதேசத்துக்கும் பங்காளி உறவு உண்டு. லத்தீன் பக்கம் போனால் ‘டிக்டேட்’, ‘இண்டெக்ஸ்’ எல்லாம் அதே குடும்பம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ‘டோக்கன்’. அடையாளம் என்ற பொருளில் அதுவும் ‘டீச்’ உடன் பிறந்தது. பொங்கல் பரிசுத் தொகுப்புக்கு ரேஷன் கடையில் கொடுக்கிற அதே டோக்கன்தான்.

‘டாக்டர்’ என்பதும் கற்பிக்கிற சொல்தான் என்று இன்னொருவர் சேர்த்திருக்கிறார். ஆமாம், லத்தீனில் ‘டொகேரே’ என்றால் கற்பி, ‘டாக்டர்’ என்றால் கற்பிப்பவர். ஊசி போடுகிறவருக்கு அந்தப் பெயர் பின்னால் வந்தது. முனைவர் பட்டம் வாங்கியவர்களை ‘நீங்க ஊசி போடுற டாக்டரா?’ என்று கேட்கிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டால் நல்லது. ஆனால் அது ‘டீச்’ குடும்பம் இல்லை, வேறு வேர். இங்கே கொண்டுவந்து முடிச்சுப் போட வேண்டாம்.

ஜனவரி 16

மாட்டுப் பொங்கல். வேலை இல்லை, எழுதுகிறேன்.

‘ஐ வில் லேர்ன் யூ’ என்று ஒரு பழைய படத்தில் கேட்டேன், தவறா என்று ஒரு கேள்வி. இன்றைய தேர்வுக்குத் தவறு. வரலாற்றுக்குத் தவறில்லை. பழைய ஆங்கிலத்தில் கற்பித்தலுக்கு வழக்கமான வினை ‘டீச்’ கூட இல்லை, ‘லேரன்’ என்று ஒன்று. கற்பதற்கு அதே வேரிலிருந்து ‘லெயோர்னியன்’. நம் கற்பி–கல் போல ஜோடி. ஜெர்மனில் ‘லேரன்’, ‘லெர்னன்’ என்று அந்த ஜோடி இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆங்கிலத்தில் முதலாவது மறைந்தது. அதன் வேலையைக் காட்டுதல் என்ற பொருளோடு இருந்த ‘டீச்’ எடுத்துக்கொண்டது. இடைக்காலத்தில் ‘லேர்ன்’ இரண்டு பொருளையும் சுமந்தது. டச்சு மொழியில் இன்றும் ‘லேரன்’ என்ற ஒரே சொல்தான் கற்கவும் கற்பிக்கவும்.

ஷேக்ஸ்பியரின் ‘தி டெம்பெஸ்ட்’ நாடகத்தில் கேலிபன் என்ற தீவுவாசி எஜமானர்களைப் பார்த்துக் கத்துகிறான். ‘யூ டாட் மீ லாங்குவேஜ்’ என்று தொடங்குகிறான், எனக்கு மொழி கற்பித்தீர்கள், அதனால் எனக்குக் கிடைத்த லாபம் திட்டத் தெரிந்ததுதான் என்கிறான். உடனே, ‘ஃபார் லேர்னிங் மீ யுவர் லாங்குவேஜ்’, உங்கள் மொழியை எனக்குக் கற்பித்ததற்காக உங்களைக் கொள்ளைநோய் கொண்டுபோகட்டும் என்று முடிக்கிறான். ஒரே மூச்சில் இரண்டு வினையும். ‘லேர்னிங் மீ’ என்பதைக் காட்டுவாசியின் கொச்சை என்று சிலர் விளக்கம் சொல்வார்கள். அந்தக் காலத்தில் அது கொச்சை இல்லை. ஆங்கிலத் திருச்சபையின் பழைய ஜெபப் புத்தகத்தில் 25-ஆம் சங்கீதத்தில், அதாவது விவிலியத் துதிப்பாடலில், கடவுளிடமே ‘லேர்ன் மீ’ என்றுதான் வேண்டுகிறார்கள். 1611-ஆம் ஆண்டு விவிலிய மொழிபெயர்ப்பில் அதே இடம் ‘டீச் மீ’. பிறகுதான் ‘லேர்ன் மீ’ படிக்காதவன் பேச்சு என்று ஆயிற்று.

ஜனவரி 16, சற்று நேரம் கழித்து

சங்கீதத்தைத் தொட்டதால் தமிழ் விவிலியத்தையும் எடுத்துப் பார்த்தேன். அதே 25-ல் ஒரு வசனத்தில் ‘உம்முடைய பாதைகளை எனக்குப் போதித்தருளும்’, அடுத்த வசனத்திலேயே ‘என்னைப் போதித்தருளும்’. பாடம் சொல்லப்பட்டால் ஆளுக்கு ‘கு’. பாடம் இல்லாமல் ஆள் மட்டும் நின்றால் ‘ஐ’. மொழிபெயர்த்தவர்கள் காது கொடுத்துத்தான் எழுதியிருக்கிறார்கள்.

நம் பிள்ளைகளின் ‘ஹி டாட் டு மீ இங்கிலீஷ்’ என்ற தவறு இந்தக் ‘கு’விலிருந்து வருகிறது. ‘எனக்கு’ என்றதும் கை ‘டு’ போட்டுவிடுகிறது. ஆங்கிலத்தில் ஆள் முன்னால் வந்தால் ‘டு’ கிடையாது: ‘டாட் மீ இங்கிலீஷ்’. பின்னால் போனால்தான் உண்டு.

கற்பிக்கிற வினைக்கு ஆளையும் பாடத்தையும் இரண்டு செயப்படுபொருளாக வைப்பது ஆங்கிலத்தின் தனிச்சொத்து அல்ல. லத்தீன் ‘டொகேரே’ இரண்டையும் இரண்டாம் வேற்றுமையில் வைக்கும். சமஸ்கிருத இலக்கணத்தில் இரட்டைச் செயப்படுபொருள் கொள்ளும் வினைகளுக்கு வழக்கமாகக் கொடுக்கிற உதாரணங்களில் ஒன்றே ‘மாணவகம் தர்மம் சாஸ்தி’, பையனைத் தர்மத்தைப் போதிக்கிறான். ஜெர்மனிலும் புத்தக இலக்கணப்படி அப்படித்தான், பேச்சில் வழுக்குகிறார்கள்.

ஜனவரி 17

‘எக்ஸ்ப்ளெய்ன் மீ’ சரியா என்று ஒருவர். இல்லை. ‘டீச் மீ’யில் ‘டு’ போடாதே என்று அடித்துத் திருத்தினால் பிள்ளைகள் அந்தப் பாடத்தை நன்றாகக் கற்று, ‘எக்ஸ்ப்ளெய்ன் மீ’ என்று வந்து நிற்பார்கள். இது நான் ட்யூஷனில் கண்கூடாகப் பார்த்தது. ‘டெல், ஷோ, கிவ், டீச்’ போன்ற பழைய நாட்டுச் சரக்குகள் ஆளை நேராகச் சேர்த்துக்கொள்ளும். ‘எக்ஸ்ப்ளெய்ன், டிஸ்க்ரைப், டொனேட்’ போன்று லத்தீன் வழி வந்த பெரிய சொற்கள் ‘டு’ என்ற காவல்காரன் இல்லாமல் ஆளை உள்ளே விடாது. விதிவிலக்கு உண்டு, ‘ஆஃபர்’, ‘ப்ராமிஸ்’ எல்லாம் லத்தீன் பரம்பரையாக இருந்தும் விட்டுவிடும். ‘சே’ சுத்த நாட்டுச் சொல்லாக இருந்தும் விடாது. ஆகவே குத்துமதிப்பு விதி. சட்டம் என்று எடுத்துக்கொள்ளாதே.

ஜனவரி 19

‘ஐ வில் டீச் யூ டு ஸ்டீல் மை மேங்கோஸ்!’

இதை மொழிபெயர்க்கச் சொன்னால் பாதி வகுப்பு ‘என் மாங்காயைத் திருட உனக்குக் கற்றுத்தருகிறேன்’ என்று எழுதும். தோட்டக்காரன் கம்போடு ஓடிவருகிறான் என்பது அங்கே தெரியாது. மிரட்டல் இது. திருடினாய் அல்லவா, இரு, பாடம் புகட்டுகிறேன். 7-ஆம் தேதியும் 10-ஆம் தேதியும் நான் கட்டிய கணக்கெல்லாம் இங்கே தலைகீழ். ‘டு’ வருகிறது, ஆனால் அந்தக் காரியத்தை இனிமேல் செய்யாமல் இருக்கத்தான் பயிற்சி. ‘நாட்’ எழுதாமலே ‘நாட்’ இருக்கிறது. ‘தட் வில் டீச் யூ’ என்பதும் இதே வகைதான், மழையில் நனைந்து காய்ச்சலில் படுத்தவனிடம் பாட்டி சொல்கிற ‘நல்லா வேணும்’.

தமிழில் மிரட்டும்போது ‘கத்துக்கொடுக்கிறேன்’ என்பதைவிட ‘இரு, காட்டுறேன்’ என்றுதான் நாக்கு போகிறது. ‘நான் யாருன்னு காட்டுறேன்.’ ஆங்கிலத்திலும் ‘ஐ வில் ஷோ யூ’ உண்டு. 13-ஆம் தேதி எழுதினேனே, ‘டீச்’ முதலில் ‘காட்டு’ என்ற பொருளில்தான் இருந்தது என்று. மாங்காய்த் தோட்டத்தில் பழைய பொருள் மறுபடி தலைகாட்டுகிற மாதிரி எனக்கு ஒரு மயக்கம். மொழியியல் தெரிந்தவர்கள் அடிக்க வர வேண்டாம், மயக்கம் என்றுதான் சொன்னேன்.

ஜனவரி 20

கேள்விக்குச் சம்பந்தமே இல்லாமல் ஒரு தகவல். கருந்தாடி என்று பேரெடுத்த கடற்கொள்ளைக்காரனின் பெயர் எட்வர்ட் டீச். 1718-ல் வட கரோலினா கரையோரம் ஓக்ரகோக் தீவுப் பக்கம் நடந்த சண்டையில் செத்தான். பழைய ஆவணங்களில் ‘தாட்ச்’ என்றும் அவன் பெயர் எழுதப்பட்டிருப்பதால் நம் வினைச்சொல்லுக்கு அவன் உறவு இல்லை. இருந்தாலும் ‘மிஸ்டர் டீச் வருகிறார்’ என்று கேட்டு ஒரு கப்பலே நடுங்கியது என்பதை நினைத்தால் கணக்கு வகுப்பு ஞாபகம் வருகிறது.

ஜனவரி 23

இறந்தகாலம் ஏன் ‘டீச்ட்’ இல்லை, ‘டாட்’ எப்படி வந்தது? பழைய ஆங்கிலத்திலேயே அப்படித்தான். ‘டாட்’ என்று எழுதும்போது நடுவில் வரும் ‘ஜி–ஹெச்’ ஒரு காலத்தில் தொண்டையில் உரசுகிற ஒலியாக உச்சரிக்கப்பட்டது, ஒலி போன பிறகு எழுத்து மட்டும் மிச்சம். ‘திங்க்–தாட்’, ‘சீக்–சாட்’ எல்லாம் அதே வீட்டுப் பழையவர்கள். ‘கேட்ச்–காட்’ மட்டும் வந்தேறி. ‘கேட்ச்’ பிரெஞ்சு வழி வந்த சொல், இவர்கள் நடுவில் உட்கார்ந்து இவர்கள் மாதிரியே வளைந்துகொண்டது.

எழுத்தில் கவனம். ‘தாட்’ வேறு, ‘டாட்’ வேறு: முன்னதில் ‘ஓ–யூ’, பின்னதில் ‘ஏ–யூ’. கலந்து எழுதுவது நான் திருத்திய தாள்களில் சர்வசாதாரணம்.

ஜனவரி 27

நன்னூலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்று தமிழாசிரியர் ஒருவர் கோபித்துக்கொண்டார். பவணந்தி கற்பிக்கும் முறையைச் சொல்லும்போது ‘ஈதல் இயல்பே இயம்புங் காலை’ என்று தொடங்கி ‘நூல் கொடுத்தல்’ என்று முடிக்கிறார். மாணவன் பக்கம் ‘கோடல்’. கொடுப்பது, கொள்வது. நம்முடைய கற்றுக்கொடு–கற்றுக்கொள் ஜோடியில் இன்றும் அதே கொடுக்கல் வாங்கல். ஆங்கிலம் காட்டுகிறது, தமிழ் கொடுக்கிறது.

அதே சூத்திரத்தில் ‘கொள்வோன் கொள்வகை அறிந்து அவன் உளங்கொள’ என்று ஒரு இடம். வாங்குகிறவனுக்கு எப்படி ஏறும் என்று தெரிந்து, அவன் மனம் கொள்ளும்படி. டூயி கட்சிக்காரர்கள் இதைத் தங்கள் பக்கம் சேர்த்துக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை. இதுவும் ஆசிரியருக்கு இலக்கணம்தான், வினைச்சொல்லுக்கு இல்லை. பழைய காலத்தில் மாணவன் ‘பாடம் கேட்டான்’, ஆசிரியர் ‘பாடம் சொன்னார்’. உ.வே.சா. மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர் என்றுதான் எழுதுவோம். கேட்டவர் எல்லோரும் உ.வே.சா. ஆகவில்லை.

பிப்ரவரி 3

தம்பி வந்து, பயிற்சி வகுப்பில் நான் எழுதியதைக் காட்டினாராம். ‘தேர்வில் வந்தால் நான் சொன்னதையே எழுது’ என்று பதில் வந்ததாம். சரி, எழுது. ‘ட்ரைட் டு டீச்’ என்று எழுதினாலும் தவறில்லை, யாரும் அடிக்க முடியாது. ஆனால் பிழை கண்டுபிடிக்கிற கேள்வியில் ‘டாட் ஹிம் ஸ்விம்மிங், பட்…’ வந்தால், அந்த இடத்தில் பிழை என்று குறிக்காதே. பிழை வேறெங்காவது இருக்கும். பெரும்பாலும் ‘டிட் நாட் லேர்ன்ட்’ என்று வைத்திருப்பார்கள்.

பிப்ரவரி 4

கடைசியாகக் கேட்டது ‘இம்பார்ட்’. பள்ளிக்கூடப் பலகைகளில் ‘இம்பார்ட்டிங் குவாலிட்டி எஜுகேஷன்’, அரசு விளம்பரங்களில் ‘ட்ரெய்னிங் வில் பி இம்பார்ட்டட்’. இந்திய ஆங்கிலத்துக்கு இந்தச் சொல் மேல் ஒரு மோகம். பிழை இல்லை, ஆனால் கனமான சொல், பேச்சில் போட்டால் தலைப்பாகை கட்டி டீ குடிக்கிற மாதிரி. லத்தீனில் பங்கிட்டுக் கொடு என்ற பொருளிலிருந்து வந்தது, 17-ஆம் தேதி சொன்ன பெரிய சொல் கூட்டம். ‘இம்பார்ட் தி ஸ்டூடண்ட்ஸ் நாலெட்ஜ்’ என்று எழுதக் கூடாது, ‘இம்பார்ட் நாலெட்ஜ் டு தி ஸ்டூடண்ட்ஸ்’. ‘இம்பார்ட் ஹிம் டு ஸ்விம்’ என்று ஒன்று கிடையவே கிடையாது. அதற்கு ‘டீச்’தான்.